ஸ்டெல்லாவுக்கு ஒரு சின்ன டிராக்டர்

டிராக்டர் வந்து நின்றது. நின்றது என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. நிற்பதைத் தவிர அதனால் வேறெதுவும் செய்ய முடியவில்லை.

முன்சக்கரங்கள் பாதைக்குள் இருந்தன. பின்சக்கரங்கள் வெளியே, தார் ரோட்டின் ஓரத்தில். இரண்டு பக்கமும் தேயிலை. பாத்திரத்துக்குள் தலையை விட்டுவிட்டு எடுக்கத் தெரியாமல் முழிக்கிற கன்றுக்குட்டி மாதிரி அந்த நீல நிற வண்டி, இன்ஜின் ஓட ஓட அப்படியே நின்றது. அதன் அதிர்வில் ஓரத்துச் செடிகளின் கொழுந்தெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. டீசல் வாசமும் பச்சைத் தேயிலை வாசமும் கலந்தால், மருந்துக்கடைக்குள் யாரோ டீ போட்ட மாதிரி இருக்கும்.

வண்டி மேல் உட்கார்ந்திருந்த குருசாமி என்னைப் பார்த்தார். மேட்டுப்பாளையத்து டீலர், அவரைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல இருக்கிறது. கீழே நின்ற என் மனைவி ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் பார்ப்பதற்கு யாரும் மிச்சமில்லாததால் வானத்தைப் பார்த்தேன். அங்கே மலைக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்பு மேகம், அவசரமே இல்லாமல், வந்துகொண்டிருந்தது.

“சார், பாதை அகலம் நீங்கதானுங்களே சொன்னீங்க?” என்றார் குருசாமி.

“ஆமாங்க. டேப் வெச்சு அளந்து சொன்னேன்.”

“எந்த ஊர்ப் பாதைங்க அது?”

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் அந்த வண்டி படிப்படியாக வெட்டிய மலை நிலத்தில் இறங்கி ஒரு படியையாவது உழாவிட்டால், மறுநாள் அவள் தன் நிலத்தைக் கூடாரம் போடக் கேட்ட டென்ட்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவாள். வாக்குக் கொடுத்திருந்தாள். ஸ்டெல்லா கொடுத்த வாக்கை மீறி நான் பார்த்ததில்லை. என்னைக் கல்யாணம் செய்துகொள்வதாகக் கொடுத்த வாக்கையே மீறாதவள்.

அளக்கத் தெரிந்தவன்

போன வாரம் நான் ஸ்கூட்டர் பழகிய கதையைப் படித்துவிட்டு, குன்னூர் வாசகர் ஒருவர், “உமக்கு ஏதாவது ஒரு காரியமாவது உருப்படியாகச் செய்யத் தெரியுமா?” என்று கேட்டிருக்கிறார். தெரியும் ஐயா. அளக்கத் தெரியும்.

அருவங்காட்டுத் தொழிற்சாலையில் என் வேலையே அதுதான். வருகிற சாமானை அளந்து, சரியாக இருந்தால் இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் வைக்க வேண்டும். என்ன சாமான் என்று சொல்லக் கூடாது. சொன்னாலும் உங்களுக்குத் தூக்கம்தான் வரும். தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். என் தலையில் முடி இருந்த காலத்தில் அதைச் சொல்லிக்கொள்ளப் பெருமையாகவும் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. ஸ்டெல்லா சுடுகிற தோசையை அளந்திருக்கிறேன். எங்கள் கோவிலுக்குப் புது பெஞ்சு செய்துகொண்டிருந்த தச்சர், நான் டேப்போடு வருவதைத் தூரத்தில் பார்த்தாலே வேலையைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். பாதிரியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நீங்க ஜெபம் மட்டும் பண்ணினா போதும்” என்றார்.

அந்த நாள்களில்தான் ஸ்டெல்லாவும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றாள். கணக்கு டீச்சர். பிரிவுபசார விழாவில் போட்ட மாலையை ஆட்டோவிலேயே கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “வீட்டுக்கு வேண்டாம், மார்க்கெட்டுக்கு விடுங்க” என்றாள். கழுத்தில் ரோஜா வாசம் போகும் முன்பே ஒரு மம்பட்டி வாங்கிவிட்டாள். இத்தனை வருஷம் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் கேரட் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மஞ்சூர் போகிற வழியில் ரோட்டோரமாக எங்கள் வீடு. வீட்டுக்கு எதிரே மரகதம் அக்காவின் தேயிலை. அந்தத் தேயிலைக்கு நடுவே போகிற பாதை. பாதை முடிகிற இடத்திலிருந்து ஓடை வரைக்கும் படிப்படியாக இறங்குகிற ஸ்டெல்லாவின் நிலம். கேரட், பீட்ரூட், உருளை, பூண்டு. எத்தனை ஏக்கர் என்று சொன்னால் சமவெளிக்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் பக்கத்து நிலத்தைப் பத்திரத்தில் பார்த்தால் ஒரு அளவு. ஏறி இறங்குகிற முழங்காலைக் கேட்டால் வேறு அளவு.

தோளில் ஒரு தகடு

கொத்துவதற்கு ஆள் கிடைத்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. வடக்கேயிருந்து வந்த சிலர் எங்கள் ஊரில் தங்கி வேலை செய்தார்கள். நல்ல உழைப்பாளிகள். ஒரு தேர்தலுக்கு ஓட்டுப் போட ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரவேயில்லை. அவர்கள் ஓட்டுப் போட்ட ஆள் நல்லது ஏதாவது செய்துவிட்டார் போலிருக்கிறது.

ஸ்டெல்லா தானே கொத்த ஆரம்பித்தாள். ஈர மண்ணில் சறுக்கி விழுந்து வலது தோள் எலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள்.

“இனிமேல் மம்பட்டி பிடிக்கக் கூடாதும்மா,” என்றார் டாக்டர்.

“எத்தனை மாசத்துக்கு டாக்டர்?”

அவர் மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டாள். நான் ஒரு ஜோக் சொன்னேன். உடனே சிரித்தாள். என் ஜோக்குக்கு அவள் உடனே சிரித்தால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். வழக்கமாக மறுநாள்தான் சிரிப்பாள், அதுவும் என்னைப் பார்த்து.

சரி, நானே கொத்துகிறேன் என்று இறங்கினேன். நான் கொத்திய இடத்தைப் பார்த்த மரகதம் அக்கா, மண் சரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஸ்டெல்லாவுக்கு ஆறுதல் சொல்ல வந்தார்.

பவர் டில்லர் வாங்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் மலையில் பாதிப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதைப் பின்னால் பிடித்துக்கொண்டு நடப்பதற்குத் தோள் வேண்டும். ஸ்டெல்லாவின் தோளில் தகடு இருக்கிறது. என் தோளில் ஒன்றுமே இல்லை. உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி ஒரு சின்ன டிராக்டர்தான் வழி என்று முடிவு செய்தோம். அவள் முடிவு செய்தாள். எங்கள் வீட்டில் நான் ‘தோம்’ சேர்த்துக்கொள்வது வழக்கம்.

அன்றைக்கே டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பாதையை அளந்தேன். இரண்டு பக்கச் செடிக்கும் இடையில், தலையில், நடுவில், கடைசியில். தொழிற்சாலையில் அளந்தது போலவே. எந்த இடத்தில் எவ்வளவு என்று சிகரெட் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நான் சிகரெட் பிடிப்பதில்லை. அட்டைக்காகப் பெட்டிக்கடையில் கேட்டு வாங்கினேன்.

மூன்று போன்

முதலில் கோயம்புத்தூர் ஷோரூமுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், டை கட்டிய பிள்ளைகள், பிஸ்கட். நடுவில் ஒரு பெரிய சிவப்பு டிராக்டர். “ஏறி உட்காருங்க சார்” என்றார்கள். உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் எனக்கு மீசை முளைத்த மாதிரி இருந்தது. ஏற்கெனவே மீசை இருக்கிறது. அதற்கு மேல் இன்னொன்று. அந்த வண்டி எங்கள் படியில் இறங்கினால் முன்பாதி உருளைக்கிழங்கிலும் பின்பாதி பூண்டிலும் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இறங்க மனசில்லாமல் இன்னொரு பிஸ்கட் கேட்டேன்.

பிறகு போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். எந்தக் கம்பெனி வண்டிக்கு எந்தப் பல்சக்கரம் தேயும் என்பது வரைக்கும் தெரிந்துகொண்டேன். தொட்டே பார்க்காத விஷயத்தில் இவ்வளவு அறிவு வந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கடைசியில் ஒரு ஞானம் பிறந்தது. மலையில் இருக்கிறவன் வண்டியைப் பார்த்து வாங்கக் கூடாது. டீலரைப் பார்த்து வாங்க வேண்டும். வண்டி என்றைக்காவது படுக்கத்தான் போகிறது. படுத்த அன்றைக்கு இத்தனை வளைவும் ஏறி யார் வருவார்? அதை எப்படித் தெரிந்துகொள்வது? பொய் சொல்லித்தான்.

நல்ல மழை நாளாகப் பார்த்தேன். ஸ்டெல்லாவுக்குத் தெரியாமல் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய் நின்று மூன்று டீலருக்குப் போன் செய்தேன். “உங்க கம்பெனி சின்ன டிராக்டர் ஒண்ணு பழசா வாங்கினேங்க. மஞ்சூர் பக்கம் சேத்துல நிக்குது. கிளட்ச் போயிருச்சு.”

கோயம்புத்தூரில் முதலில் பாட்டுப் போட்டார்கள். நல்ல பாட்டு. இரண்டு தடவை கேட்டேன். பிறகு ஒரு பெண் குரல், “வண்டியைக் கீழே கொண்டு வந்திருங்க சார், உடனே பார்த்துடலாம்” என்றது. ஓடாத வண்டியை எப்படியம்மா கொண்டு வருவது என்றேன். “அதுக்கு வேற நம்பர் சார்” என்றது.

ஊட்டியில் எடுத்தவர் மிகவும் பரிவாகப் பேசினார். “அடடா, மழையில நிக்குதுங்களா? கண்டிப்பா வர்றோம். திங்கக்கிழமை வர்றோம்.” எந்தத் திங்கட்கிழமை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்றாவது மேட்டுப்பாளையம். “எந்த எடமுங்க?” என்றது ஒரு கரகரத்த குரல். சொன்னேன். “ரோட்டு மேலயே ஊடுங்களா?” ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டார். மூன்று பேரில் இவர்தான் மரியாதை தெரியாதவர் என்று எழுதி வைத்தேன்.

எலுமிச்சம்பழத்தோடு ஒருவர்

அன்று மத்தியானம் சாப்பிட உட்காரும்போது வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நல்ல ஆகிருதியான ஒரு மனிதர், வெள்ளைச் சட்டை நனைய நனைய இறங்கினார். ஒரு கையில் கருவிப் பை. இன்னொரு கையில் எலுமிச்சம்பழம். அதை மூக்கிலிருந்து எடுக்கவேயில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது. மலை வளைவு ஒத்துக்கொள்ளாத உடம்பு.

எனக்கு உடனே விஷயம் புரிந்தது. உடனே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அங்கிருந்தே கேட்டேன்.

“வண்டி எங்கீங்கம்மா நிக்குது?”

“என்ன வண்டி?”

“டிராக்டருங்க. கிளட்ச் போயிருச்சுன்னு சார் போன் பண்ணுனாருங்க.”

இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவளுக்கு அவ்வளவு போதும்.

“கிளட்ச் போன வண்டி பாத்ரூம்ல நிக்குதுங்க,” என்றாள் ஸ்டெல்லா. “நீங்க முதல்ல உக்காருங்க. தலையைத் துவட்டுங்க.”

நான் வெளியே வந்தபோது குருசாமி அவரைக்காய்க் குழம்பும் பீட்ரூட் பொரியலுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. ரசத்துக்கு வந்த பிறகுதான் பேசினார்.

“பர்லியார்ல ஒருக்கா, காட்டேரில ஒருக்கா. ரெண்டு எடத்துல வண்டிய நிறுத்தி வாந்தி எடுத்தனுங்க சார்.”

“மன்னிச்சுக்கங்க. யாரு உண்மையா வருவாங்கன்னு தெரிஞ்சுக்கத்தான்…”

“இப்பத் தெரிஞ்சுதுங்களா?”

“தெரிஞ்சுது.”

“அப்ப எங்கிட்டத்தான் வண்டி எடுத்தாகோணும். இல்லீன்னா எடுத்த வாந்திக்கு ஒரு அர்த்தம் வேண்டாமுங்களா?”

ஸ்டெல்லா அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தாள். தகடு வைத்த பிறகு அப்படிச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். டீலரை நான் தேர்ந்தெடுத்ததாக ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நடந்தது இதுதான்.

மழை விட்டதும் குருசாமி நிலத்தைப் பார்க்கக் கிளம்பினார். நான் ஷோரூமில் பார்த்த பெரிய சிவப்பு வண்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நடந்தேன். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு படியின் முனையிலும் போய் நின்று, கையை ஸ்டீயரிங் மாதிரி சுற்றிப் பார்த்தார்.

“மேல இருக்கற படியெல்லாம் மறந்துருங்க சார். அதுல வண்டி திரும்பாது. கீழ இருக்கற அகலப் படிக்கு மட்டும் சின்ன வண்டி போதுமுங்க. நாலு சக்கரமும் இழுக்கற மாதிரி பாத்துக்கலாம். படியில நீளவாக்குல ஓட்டறப்ப ஒண்ணும் ஆகாது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எறங்கறப்பத்தான் கவுக்கும். அங்க சரிவை நேரா வெட்டி வெச்சுருங்க. சாய்வா மட்டும் எறக்காதீங்க.”

அப்புறம் ஸ்டெல்லாவைத் தனியாக நிறுத்தி, தோளை எவ்வளவு தூக்க முடியும், எந்தக் கையில் பலம் என்று என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் ஆகியிருக்க வேண்டியவர் என்று நினைத்துக்கொண்டேன்.

“பாதை அகலம் எவ்வளவுங்க சார்?”

சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து வாசித்தேன். “தாராளமுங்க,” என்றார்.

வராத வண்டி

அத்தோடு வாங்கியிருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும். நான் நானாக இருந்ததால் முடியவில்லை.

நீலமா சிவப்பா என்று ஒரு மழைக்காலம் யோசித்தேன். சேற்றுக்கு எந்த டயர் என்று ஒரு பனிக்காலம். புது மாடல் வருவதாக ஒரு வீடியோவில் சொன்னதால் அதற்குக் காத்திருந்தேன். அது வந்ததும், அதைவிடப் புதியது வருவதாக அதே ஆள் சொன்னார். குருசாமி மாதம் ஒரு தடவை போன் செய்து, “சார், கிளட்ச் எப்படி இருக்குங்க?” என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவார்.

நிலம் புல் மண்டிப்போனது. ஸ்டெல்லா வாசலில் சிமென்ட் தொட்டியில் கொத்தமல்லி போட்டாள். சட்டியில் தக்காளி வைத்தாள். மாலையில் பாதை வழியாக நிலம் வரை போய், கீழே இறங்காமல் மேலேயே நின்றுவிட்டு வருவாள்.

அப்போதுதான் டென்ட்காரர் வந்தார். திருப்பூர்க்காரர், மலையில் இடம் பிடித்து, கூடாரம் போட்டு, சுற்றுலா வருகிறவர்களைத் தங்க வைக்கிறவர். மரியாதையான மனிதர். ஓடைச் சத்தம் கேட்கிற இடம் என்று நிலத்தை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஸ்டெல்லா அவரிடம் முடியாது என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

அன்று மாலை டீயை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: “புல்லைப் பார்க்கறதுக்கு டென்ட்டைப் பார்க்கலாம். கோடை மழை பிடிக்கறதுக்குள்ள நிலம் உழுதா என் நிலம். இல்லைன்னா அவருக்குக் குடுத்துடறேன். அவர்கிட்டயும் சொல்லிட்டேன்.”

நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை. எழுந்து போய்க் குருசாமிக்குப் போன் செய்தேன். எந்த நிறமாக இருந்தாலும் சரி என்றேன்.

எந்த நாளில் கொண்டு வரலாம் என்று அவர் கேட்டார். மழை பிடித்துவிடும் போல இருந்ததால் ஸ்டெல்லாவிடம் கேட்டேன். அவள் டென்ட்காரருக்கு அக்ரிமென்ட் போடச் சொல்லியிருந்த நாளுக்கு முந்தின நாள்தான் மிச்சம் இருந்தது.

குச்சிக்கும் செடிக்கும்

அந்த நாளில்தான் வண்டி பாதை வாயில் மாட்டிக்கொண்டு நின்றது.

நான் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்து மறுபடியும் அளந்தேன். என் அட்டையில் இருந்ததற்கும் இப்போது இருந்ததற்கும் இரண்டு சாண் வித்தியாசம். தலைமுடியையே கண்டுபிடித்தவனுக்கு இரண்டு சாண் எப்படித் தப்பியது?

தேயிலைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. தலையில் துண்டும் இடுப்பில் சாக்குமாக மரகதம் அக்கா நின்றுகொண்டிருந்தார். சின்ன வயதில் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கப்பல் ஏறி வந்தவர். எஸ்டேட்டில் ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்து, அந்தத் தேயிலையைத் தனக்கென்று வாங்கியவர். பேச்சு மட்டும் இன்னும் அந்தக் கரையிலேயே இருக்கிறது.

“ஐயா அளந்தன்னைக்கு நா அங்கினதான் நின்னேன்,” என்றார். “கவாத்து வெட்டி ரெண்டு நா கூட ஆவல. குச்சிக்கும் குச்சிக்கும் நடுவால ஐயா அளக்குறாரு. என்னாடா இது, நம்ம மலைய வாங்கப் போறாரோன்னு பயந்துட்டேன்.”

தேயிலையை நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். அதுதான் கவாத்து. இலை ஒன்றுகூட இருக்காது, வெறும் குச்சி. பிறகு அது நிதானமாகத் தழைத்து, கை நீட்டி, பாதையை மூடும். நான் அளந்தது குச்சியை. வண்டி வந்தது செடிக்கு. மலையிலேயே பிறந்து வளர்ந்தவன், வாழ்நாள் முழுக்கத் தேயிலைக்கு நடுவே நடந்தவன் செய்கிற காரியமா இது? தினமும் நடந்தேன். ஒரு ஆள் ஒதுங்கிப் போகிற இடம் எப்போதும் இருந்தது. அதனால் தெரியவில்லை. என் வயிறும் அப்படித்தான் எனக்குத் தெரியாமல் முன்னால் வந்தது.

“நானும் அன்னைக்கு இதுல நடந்தனுங்க,” என்றார் குருசாமி, தலையைத் தடவிக்கொண்டு. “குச்சி குச்சியா நின்னுச்சு. பட்டுப்போன தோட்டம்னு நெனச்சு ஐயோ பாவம்னு போயிட்டேன்.”

“நீங்களாவது சொல்லியிருக்கலாமே அக்கா,” என்றாள் ஸ்டெல்லா.

“சொல்லத்தான் இருந்தேன் தங்கச்சி. வண்டி வந்தாத்தானே சொல்றதுக்கு. இன்னிக்கி வரும் நாளைக்கு வரும்னாரு. வராத வண்டிக்கு வழி எதுக்குன்னு விட்டுட்டேன்.”

எங்கள் மாவட்டத்தில் பொக்லைனுக்கு அனுமதி வாங்கி, அதைக் கொண்டு வந்து பாதையை அகலப்படுத்துவது நினைத்த மாத்திரத்தில் நடக்கிற காரியமில்லை. வேறு பாதையும் கிடையாது. ஸ்டெல்லா ஒரு நிமிஷம் வண்டியைப் பார்த்தாள். “சரி விடுங்க, திருப்பி லாரியில ஏத்திடுங்க” என்று குருசாமியிடம் மெதுவாகச் சொன்னாள்.

“ஏன் ஏத்தணும்?” என்றார் மரகதம் அக்கா. “ரெண்டு பக்கமும் ஓரத்த வெட்டுனா வண்டி போயிடும். நா வெட்ட வேணாம்னா சொன்னேன்? கொழுந்தோட வெட்ட விடமாட்டேன், அவ்வளவுதான். நாளைக்குப் பறிக்கிற எடம் இது. மொதல்ல பறிக்கணும், அப்புறம் வெட்டணும்.”

“ஒரு ஆளாப் பறிச்சா இருட்டிரும் அக்கா,” என்றாள் ஸ்டெல்லா.

“ஒரு ஆளா யாரு பறிக்கச் சொன்னா? நாலு பேரு நிக்கிறோமே.”

பிரட்டு

இலங்கைத் தோட்டங்களில் காலையில் ஆள் எண்ணி வேலை பிரித்துக் கொடுப்பதைப் பிரட்டு என்பார்கள். அன்றைக்கு ரோட்டோரத்தில் எங்களுக்குப் பிரட்டு நடந்தது. வலப்பக்க வரிசை குருசாமிக்கும் எனக்கும். இடப்பக்க வரிசை ஸ்டெல்லாவுக்கும் அக்காவுக்கும். ஆளுக்கொரு சாக்கு இடுப்பில்.

குருசாமி இடுப்புக்குச் சாக்குக் கயிறு எட்டவில்லை. இரண்டு கயிறு முடிந்து கட்டினோம்.

“அது என்னா, கீரையா ஆயிறீங்க?” அக்காவின் குரல் செடிக்கு மேலே வந்தது. “ரெண்டு எலையும் மொட்டும். அதோட நிறுத்துங்க. முத்திப்போன கரட்டு எலை வந்திச்சின்னா கொட்டிருவேன்.”

“எனக்கு டிராக்டர் விக்கத்தானுங்கக்கா தெரியும்.”

“அதுவும் சரியா தெரியல. வண்டி வாசல்ல நிக்குது.”

நான் ஒவ்வொரு கொழுந்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பறித்தேன். அளவு சரியாக இருந்தால் சாக்கில், இல்லாவிட்டால் செடியிலேயே. பழைய வேலை ஞாபகம் வந்து உற்சாகமாகக்கூட இருந்தது. அரை மணி கழித்து என் சாக்கைத் தூக்கிப் பார்த்த அக்கா, “ஐயா இத ஒரு கோப்பைக்குப் பறிச்சீங்களா, ரெண்டு கோப்பைக்கா?” என்றார்.

ஸ்டெல்லா இடது கையால் மட்டும் பறித்தாள். வலது கையைச் செடி மேல் சும்மா வைத்துக்கொண்டு. வானத்தை ஒரு தடவை பார்ப்பாள், மறுபடி பறிப்பாள். குருசாமியும் நானும் சேர்ந்து பறித்ததைவிட அவள் சாக்கில் அதிகம் இருந்தது.

கடைசியில் அக்கா எல்லாவற்றையும் ஒரு படுதாவில் கொட்டிக் கையால் கிளறினார். “இது கொழுந்து. இது கரட்டு. இது என்னாது, பொத்தானா?”

குருசாமி குனிந்து தன் வயிற்றுப் பக்கம் சட்டையைப் பார்த்துக்கொண்டார். “என்னுதுதானுங்க.”

பிறகு அக்கா கவாத்துக் கத்தியை எடுத்தார். வெட்டிய கிளைகளை நான் சுமந்து போய் ரோட்டோரத்தில் போட்டேன். வண்டி உள்ளே போனபோது இரண்டு பக்கமும் இலை உரசுகிற சத்தம், புதுப் புடவை கட்டியவர் நடக்கிற மாதிரி சரசரவென்று கேட்டது.

“சும்மா வழி விட்டேன்னு நெனைக்காதீங்க,” என்று பின்னாலிருந்து அக்கா சொன்னார். “இனிமே என் கொழுந்து மூட்டையெல்லாம் இந்த வண்டியிலதான் ரோட்டுக்கு வரும். சொமந்து சொமந்து கழுத்து போச்சு.”

“நீங்க சொல்லலைன்னாலும் ஏத்திக்குவேன் அக்கா,” என்றாள் ஸ்டெல்லா.

“ஏத்திக்குவ. நா சொல்லிட்டா அது பேச்சு.”

இறங்கியவனும் ஏறியவளும்

நேராக வெட்டி வைத்திருந்த சரிவு வழியாக இறங்கி, நிலத்தின் அகலமான படியில் வண்டி நின்றது. பின்னால் மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டர் மாட்டியாயிற்று. காற்றில் மழை வாசம் வந்துவிட்டது.

“ஏறுங்க சார்,” என்றார் குருசாமி.

இத்தனை நாள் வீடியோ பார்த்தவன் அல்லவா, தெம்பாக ஏறினேன். கிளட்ச்சை விட்டேன். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி. மறுபடி அணைந்தது. மூன்றாவது குதியில் என் கண்ணாடி புல்லுக்குள் விழுந்தது.

“இறங்குங்க,” என்றாள் ஸ்டெல்லா.

“தோள்…” என்று ஆரம்பித்தேன்.

“சார், நீங்க எறங்குங்க,” என்றார் குருசாமி. “ஸ்டீயரிங் ஒரு விரல்ல திரும்பற மாதிரி பாத்துத்தான் இந்த வண்டிய எடுத்தனுங்க. இடது கைலயே எல்லாம் ஆயிரும். அம்மாவுக்குத்தான் வாங்கறோம்னு நான் அன்னைக்கே கணக்குப் பண்ணிட்டேன். நீங்கதான் உங்களுக்குன்னு நெனச்சு கலர் பாத்துட்டு இருந்தீங்க.”

நான் இறங்கினேன். ஸ்டெல்லா முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறினாள். குருசாமி பக்கத்தில் நடந்துகொண்டே சொல்லச் சொல்ல, வகுப்பில் புதுப் பாடம் கேட்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டாள். கிளட்ச்சை விட்டாள். வண்டி முனகிவிட்டு நகர்ந்தது. பின்னால் புல் மறைந்து கறுப்பு மண் மேலே வந்தது. ஓடைப் பக்கத்து மண்ணுக்கு ஒரு வாசம் உண்டு. ரொம்ப நாளாக அதை நான் மறந்திருந்தேன். படியின் முனையில் போய் நின்றாள். ஒரு விரலால்தான் திருப்பினாள். திருப்பிவிட்டு எங்களைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

மரகதம் அக்கா மேல் படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படி முடிந்தபோது முதல் துளி விழுந்தது. வண்டியில் வைத்திருந்த ஸ்டெல்லாவின் போன் அடித்தது. டென்ட்காரர். இன்ஜின் சத்தத்தில் கேட்பதற்காக அவள் அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏனுங்க மேடம், நாளைக்கு அக்ரிமென்ட் போட வரட்டுமுங்களா?”

“வாங்க,” என்றாள் ஸ்டெல்லா. “ஒரு டென்ட் எடுத்துட்டு வாங்க.”

“ஒண்ணு போதுமுங்களா?”

“போதும். உருளைக்கிழங்கு போடப்போறேன். கிழங்கு பிடிக்கிற சமயம் ராத்திரியில காட்டுப்பன்னி வரும். உள்ளே படுத்துக்கிட்டுத் தகரம் தட்டறதுக்கு ஒரு ஆள் வேணும்.”

“தகரம் நான் கொண்டு வரோணுங்களா, நீங்க தருவீங்களா மேடம்?” என்று கேட்டார். அவர் மரியாதையான மனிதர் என்று சொன்னேனே.

ஸ்டெல்லா போனை என் கையில் கொடுத்தாள்.

“நீங்க பேசிக்கிட்டு இருங்க. எனக்கு மழை பிடிக்கறதுக்குள்ள இன்னும் ஒரு படி இருக்கு.”